சல்லிசு விலையில் கடல் தாண்டி ஒரு வீடு: காரைக்குடியில் விற்கும் சரக்கு எப்படி?

ஞாயிற்றுக்கிழமை காலை, ஏசி ஹால். வாசலில் சந்தனம், பன்னீர். உள்ளே கேசரி, காபி. திரையில் நீலக் கடல், பக்கத்தில் நாற்பது மாடிக் கட்டடம். "பத்து சதவீதம் கட்டுங்கண்ணே, மிச்சத்தை மாசம் ஒரு சதவீதமா கட்டிக்கலாம். இன்னிக்கு புக் பண்ணா பதிவுச் செலவு ஃப்ரீ." வெளிநாட்டு வீடு விற்கும் கூட்டம் எங்கே நடந்தாலும் வசனம் ஏறக்குறைய இதுதான். நிறுவனங்களின் பெயர் இங்கே வராது. பெயர்ப் பலகை மாறும், சரக்கு மாறாது. எனவே சரக்கை மட்டும் எடைபோடுவோம்.

ஆசை ஒன்றும் பைத்தியக்காரத்தனம் இல்லை. 2010இல் டாலர் 45 ரூபாய்க்குப் பக்கத்தில் இருந்தது. 2022இல் 80ஐத் தாண்டிவிட்டது. துபாய் நாணயமான திர்ஹமோ 1997 முதல் ஒரு டாலருக்கு 3.6725 என்று கட்டிப்போட்டது. ஆக, அங்கே வாடகை ஏறாமலே கிடந்தாலும் ரூபாய்க் கணக்கில் ஏறும். நம் பெருநகரங்களில் வீட்டு வாடகை, வீட்டு விலையில் ஆண்டுக்குப் பெரும்பாலும் 3, 4 சதவீதத்தை ஒட்டித்தான் இருக்கும். "7, 8 சதவீதம்" என்று மேடையில் சொன்னால் காது கொடுக்கத்தான் தோன்றும். போதாததற்கு, கடல் கடந்து சொத்து வைப்பது செட்டிநாட்டுக்குப் புதுசும் இல்லை.

கூட்டங்களில் அதிகம் கூவி விற்கப்படுவது துபாய். சட்டப்படி பார்த்தால் இருப்பதிலேயே ஒழுங்கான சரக்கும் அதுதான். 2006ஆம் ஆண்டின் 7ஆம் எண் சட்டம், குறித்த பகுதிகளில் வெளிநாட்டார் தம் பெயரிலேயே சொத்தைப் பதிந்துகொள்ள வழிவிட்டது. 2007ஆம் ஆண்டின் 8ஆம் எண் சட்டப்படி, கட்டி முடியாத வீட்டுக்கு வாங்கும் பணம் அந்தத் திட்டத்துக்கென்றே திறந்த எஸ்க்ரோ கணக்குக்கு, அதாவது கட்டுநர் இஷ்டத்துக்கு எடுக்க முடியாத பொறுப்புக் கணக்குக்கு, போக வேண்டும். ஹாலில் உட்கார்ந்தபடியே செய்யக்கூடிய முதல் சோதனை இது: பணம் அனுப்பச் சொல்லும் கணக்கின் பெயரைக் கேளுங்கள். திட்டத்தின் பெயரில் எஸ்க்ரோ கணக்கு என்றால் மேலே பேசலாம். கட்டுநர் நிறுவனத்தின் பொதுக் கணக்கு, தரகர் கணக்கு, "நம்ம சென்னை ஆபீஸ் கணக்கு" என்றால் கேசரியைச் சாப்பிட்டுவிட்டு எழுந்துவிடலாம். இரண்டாவது, 'துபாய் ரெஸ்ட்' என்ற அரசுச் செயலியில் திட்டத்தின் பெயரைப் போட்டு, கட்டுமானம் எத்தனை சதவீதம் முடிந்திருக்கிறது என்று பார்ப்பது. மூன்றாவது, உங்கள் வீட்டு எண்ணுக்கு 'ஊகூத்' பதிவு உண்டா என்பது. அதுதான் கட்டி முடியும்வரை உங்கள் பத்திரம். முன்பதிவுப் படிவமும் கலர் கலரான ரசீதும் பத்திரம் ஆகாது.

தவணைத் திட்டத்தின் மறுபக்கத்தை யாரும் திரையில் போடுவதில்லை. மாதம் ஒரு சதவீதம் சுலபம்தான், நின்றுபோகாதவரை. நின்றால் 2020ஆம் ஆண்டின் 19ஆம் எண் சட்டம் வேலை செய்யும். நிலத் துறை வழியாக 30 நாள் அறிவிப்பு வரும். அதற்கும் கட்டாவிட்டால் ஒப்பந்தத்தை முறிக்கலாம். கட்டுமானம் 60 சதவீதத்தைத் தாண்டியிருந்தால் வீட்டு விலையில் 40 சதவீதம் வரை, கட்டத் தொடங்கி அதற்குக் கீழே நின்றால் 25 சதவீதம் வரை கட்டுநர் பிடித்துக்கொள்ளலாம். கட்டிய பணத்தில் 25 சதவீதம் என்று படித்துவிடாதீர்கள், வீட்டு விலையில் 25 சதவீதம். இருபது சதவீதம் கட்டிவிட்டு நிறுத்தினால் கைக்கு எதுவும் திரும்பாமல் போகலாம். "நடுவில் வேண்டாம்னா வித்துடலாம்" என்பதும் பாதி உண்மைதான். பெரும்பாலான கட்டுநர்கள் 30, 40 சதவீதம் கட்டிய பிறகே கைமாற்றத் தடையின்மைச் சான்று தருவார்கள். விற்பனை ஒப்பந்தத்தில் அந்த எண்ணைத் தேடிப் படியுங்கள்.

இனி ஐந்தொகை போடுவோம். எண்கள் உதாரணத்துக்குத்தான், முறை எந்த வீட்டுக்கும் பொருந்தும். ஸ்டூடியோ (ஒற்றை அறை வீடு), 400 சதுர அடி, 6,00,000 திர்ஹம். நிலத் துறைக் கட்டணம் 4 சதவீதம், 24,000. ஆக முதல் 6,24,000. ஆண்டு வாடகை 40,000 என்றார்கள். 6,00,000க்கு 40,000 என்றால் 6.7 சதவீதம். மேடையில் சொல்லும் எண் இப்படித்தான் பிறக்கிறது. ஒரு மாதம் காலியாகக் கிடக்கும் என்று வையுங்கள்: வரவு 36,667. பராமரிப்புக் கட்டணம் சதுர அடிக்கு 15 திர்ஹம் என்றால் 6,000. ஆள் வைத்துப் பார்த்துக்கொள்ள ஆண்டு வாடகை 40,000இல் 8 சதவீதம், 3,200. மீதி 27,467. போட்ட முதலுக்கு 4.4 சதவீதம்.

துபாயில் தனிநபர் வாடகைக்கு வருமான வரி கிடையாது. இந்தியாவில் குடியிருப்பவருக்கு உலகில் எங்கே வரவு வந்தாலும் இங்கே வரி உண்டு. "டாக்ஸ் ஃப்ரீ" என்று மேடையில் சொல்பவர் முதல் வாக்கியத்தோடு நிறுத்திக்கொள்கிறார். வீட்டு வாடகை வருமானத்தில் 30 சதவீதம் நிலைக் கழிவு போக மீதிக்கு வரி. பராமரிப்புக் கட்டணத்தையும் மேலாள் கூலியையும் தனியாகக் கழிக்க முடியாது, எல்லாம் அந்த 30க்குள் அடக்கம். 36,667இல் 70 சதவீதம் 25,667. முப்பது சதவீத வரம்பில் இருப்பவருக்கு மேல்வரியும் சேர்த்து ஏறக்குறைய 8,000 திர்ஹம் போகும். கையில் நிற்பது 19,459. அதாவது 3.1 சதவீதம். பாழில்லை, ஆனால் 8ம் இல்லை. கட்டடத்தில் ஒரே மாதிரி 400 ஸ்டூடியோ ஒரே மாதத்தில் சாவி வாங்கினால் முதல் ஆண்டு வாடகை 40,000 கிடைக்குமா என்பது வேறு கேள்வி. பரப்பளவில் பால்கனியையும் சேர்த்தே சொல்வார்கள். உள்ளறை எவ்வளவு, பால்கனி எவ்வளவு என்று பிரித்துக் கேளுங்கள்.

அடுத்தது பணம் போகும் பாதை. வீட்டைவிட இங்கேதான் அதிகம் பேர் வழுக்கி விழுகிறார்கள். ரிசர்வ் வங்கியின் தாராளமயப் பணம் அனுப்பும் திட்டத்தில் ஒருவர் ஒரு நிதியாண்டில் 2,50,000 டாலர் வரை அனுப்பலாம். 2022ஆம் ஆண்டின் வெளிநாட்டு முதலீட்டு விதிகள் இந்தப் பணத்தில் வெளிநாட்டில் வீடு வாங்க அனுமதிக்கின்றன. வங்கியில் தர வேண்டியவை: வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பும் ஏ2 படிவம், பான் எண், பணம் எதற்கு என்று காட்டும் நோக்கக் குறியீடு (வெளிநாட்டு வீடு, மனைக்கு எஸ்0005). குறியீட்டை "குடும்பச் செலவு" என்று மாற்றிப் போடச் சொல்லும் தரகர்கள் உண்டு. அங்கேயே வில்லங்கம் ஆரம்பம். ஹாலில் கிரெடிட் கார்டைத் தேய்த்து முன்பணம் கட்டுவதும் ஆகாது, அட்டை நடப்புச் செலவுக்கு, சொத்து மூலதனக் கணக்கு. உண்டியலில் (ஹவாலாவில்) அனுப்புவதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்: அந்நியச் செலாவணிச் சட்டப்படி அபராதம் தொகையைப் போல மூன்று மடங்கு வரை போகும். வெளிநாட்டுச் சொத்துக்கு ஈடாக உள்ளூர்ச் சொத்தை முடக்கவும் அமலாக்கத் துறைக்கு அதிகாரம் உண்டு. துபாய் ஸ்டூடியோவுக்காக ஊரிலுள்ள பூர்வீக வளவு வீட்டுப் பங்கை இழக்க வேண்டுமா?

ஒரு நிதியாண்டில் அனுப்புவது 10 லட்சம் ரூபாயைத் தாண்டினால், தாண்டிய தொகைக்கு 20 சதவீதம் வரியை வங்கி முன்கூட்டியே பிடிக்கும். திர்ஹம் 24 ரூபாய் என்று வைத்தால் மேலே சொன்ன ஸ்டூடியோ 1.44 கோடி. மொத்தமாக அனுப்பினால் 26.8 லட்சம் ரூபாய் அப்படிப் பிடிபடும். அது போய்விடுகிற பணம் இல்லை, வருமான வரிக் கணக்கில் சரிக்கட்டலாம், மிச்சம் திரும்ப வரும். ஆனால் மாதக்கணக்கில் முடங்கும். தவணைத் தேதியைக் கணக்குப் போடுபவர்கள் இதை மறந்து, மூன்றாவது தவணையில் மூச்சு முட்டுகிறார்கள். கணவன் மனைவி இருவர் பெயரிலும் பத்திரம் போட்டு இருவர் கணக்கிலிருந்தும் அனுப்பினால் 10 லட்சம் விலக்கு ஆளுக்கொன்று கிடைக்கும். அனுப்பிய பணம் சும்மா கிடந்தால் 180 நாளுக்குள் திரும்பக் கொண்டுவர வேண்டும். இந்தத் திட்டத்தில் முதலீடாக அனுப்பும் பணத்துக்கு இந்திய வங்கி கடன் தராது. "சாவி வாங்கிய பிறகு மூணு வருஷம் தவணை" என்பதும் கடன் மாதிரிதானே என்று உங்கள் வங்கி கேட்கலாம். கையெழுத்துப் போடுமுன் அந்தத் திட்டத்தை வங்கியின் அந்நியச் செலாவணிப் பிரிவில் காட்டி, எழுத்தில் பதில் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஊரில் நிலத்தை விற்று அங்கே வீடு வாங்க நினைப்பவர்களுக்குத் தனியாக ஒன்று. சொத்து விற்ற லாபத்தைப் புது வீட்டில் போட்டால் கிடைக்கும் வரிவிலக்கு, 2014ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு இந்தியாவில் வாங்கும் வீட்டுக்கு மட்டுமே. காரைக்குடி மனையை விற்று துபாயில் போட்டால் இங்கே முழு லாபத்துக்கும் வரி கட்டித்தான் போக வேண்டும். வாங்கிய பின் ஆண்டுதோறும் வரிக் கணக்கில் வெளிநாட்டுச் சொத்து அட்டவணையில் காட்ட வேண்டும். வாடகை வராவிட்டாலும் காட்ட வேண்டும். சாதாரணச் சம்பளக்காரர் படிவத்தில் அந்த அட்டவணையே இல்லை. காட்டாமல் விட்டால் 2015ஆம் ஆண்டுக் கறுப்புப் பணச் சட்டப்படி ஆண்டுக்கு 10 லட்சம் ரூபாய் அபராதம். 20 லட்சத்துக்குக் கீழே இருந்தால் தப்பலாம் என்று 2024இல் வந்த சலுகை வங்கிக் கணக்கு, பங்கு போன்றவற்றுக்கு மட்டும். வீடு, மனைக்கு இல்லை. ஒரு யூரோ வீட்டுக்கும் இல்லை!

துபாய்க்கு மதிப்பெண் ஐந்துக்கு மூன்று. கட்டி முடித்து, ஆள் குடியிருக்கும் வீடாக வாங்கினால் மூன்றரை. தரகு 2 சதவீதம் கூடும், ஆனால் வாடகை ஒப்பந்தத்தைக் கண்ணால் பார்த்து வாங்கலாம்.

இனி ஜப்பானின் 'ஆகியா', அதாவது ஆளில்லாமல் கிடக்கும் காலி வீடு. "5 லட்சம் யென்னுக்கு மர வீடு, தோட்டத்தோடு" என்று யூடியூபில் பார்த்து ஏங்குபவர்கள் நிறைய. செட்டிநாட்டுக்காரருக்கு இந்தச் சரக்கை விளக்கவே தேவையில்லை. கானாடுகாத்தானிலும் பள்ளத்தூரிலும் பூட்டிக் கிடக்கும் வீடுகளை ஒருமுறை நினைத்துக்கொண்டால் போதும். பெரியவர்கள் போய்ச் சேர்ந்தார்கள், பிள்ளைகள் பட்டணத்தில், பங்காளிகள் எத்தனை பேர் என்று பங்காளிகளுக்கே தெரியாது, ஐப்பசி மழைக்கு ஓடு சரிகிறது. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய வீட்டுத் தூணும் கதவும் ஏன் விலைக்கு வருகின்றனவோ, அதே காரணத்தால்தான் அங்கே முழு வீடே விலைக்கு வருகிறது. 2023ஆம் ஆண்டு அரசுக் கணக்கெடுப்பில் ஜப்பானில் காலி வீடுகள் 90 லட்சம், மொத்த வீடுகளில் 13.8 சதவீதம். ஒரு வீடு சல்லிசாக இருப்பது அங்கே குடியிருக்க ஆள் இல்லாததால். நீங்கள் வாங்கிய மறுநாளும் ஆள் இருக்க மாட்டார்கள்.

ஜப்பானில் வெளிநாட்டார் மனையோடு சேர்த்தே சொந்தமாக வாங்கலாம், தடையில்லை. ஆனால் வீடு வாங்கியதற்காக விசா கிடையாது. பார்க்க வேண்டியவை இவை. கட்டட அனுமதி 1981 ஜூன் மாதத்துக்கு முந்தியதா, பிந்தியதா? நிலநடுக்கத் தாங்குதிறன் விதி அன்று மாறியது, முந்தைய வீடு என்றால் வலுவூட்டும் செலவு வீட்டு விலையை விழுங்கும். மனையின் முகப்பு குறைந்தது 2 மீட்டர் அகலத்துக்கு, 4 மீட்டர் அகலமுள்ள சாலையைத் தொடுகிறதா? இல்லையென்றால் இடித்துவிட்டுப் புதிதாகக் கட்ட அனுமதி கிடைக்காது. வீடு விற்பவர் பெயரில்தான் பதிவாகியிருக்கிறதா, இல்லை தாத்தா பெயரிலேயே நிற்கிறதா? வாரிசுப் பதிவை அங்கே கட்டாயமாக்கியதே 2024 ஏப்ரலில்தான். மூலப்பத்திரம் பார்க்கத் தெரிந்த நம் ஊர்க்காரருக்கு இது பழகிய வேலை. கழிவுநீர் பொதுச் சாக்கடைக்குப் போகிறதா, வீட்டிலேயே சுத்திகரிப்புத் தொட்டியா? தொட்டி என்றால் ஆண்டுதோறும் பரிசோதனைச் செலவு உண்டு.

தரகு விதியைப் பாருங்கள். 2024 ஜூலை முதல், 80 லட்சம் யென்னுக்குள் உள்ள வீடுகளுக்குத் தரகர் வரியோடு 3,30,000 யென் வரை வாங்கலாம். 5 லட்சம் யென் வீட்டுக்குத் தரகு 3.3 லட்சம்! சொத்து வரி மதிப்பீட்டில் 1.4 சதவீதம், நகரப் பகுதியில் இன்னும் 0.3 சதவீதம் வரை. வீடு நிற்கும் மனைக்கு 200 சதுர மீட்டர் வரை வரி மதிப்பு ஆறில் ஒன்றாகக் குறையும். ஆனால் வீட்டைப் பாழாக விட்டால் 2015ஆம் ஆண்டுச் சட்டப்படி அந்தச் சலுகையை உள்ளாட்சி பறிக்கலாம், 2023 திருத்தம் பிடியை இன்னும் இறுக்கியது. வெளியூரில் இருந்துகொண்டு வரி கட்ட அங்கே ஒரு பிரதிநிதியை நியமிக்க வேண்டும். ஆண்டுக்கு மூன்று மாதமாவது போய்த் தங்கக்கூடியவர், மரவேலையில் கை உள்ளவர் என்றால் மதிப்பெண் மூன்று. வாடகைக்கு என்றால் ஒன்று. முதலீடு என்று யாராவது சொன்னால் சிரித்துவிடலாம்.

இத்தாலியின் ஒரு யூரோ வீடு, "சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்" என்பதற்கு அச்சான உதாரணம். சிசிலியின் சம்பூக்கா 2019இல் இப்படி விற்று உலகப் புகழ் பெற்றது. ஒரு யூரோ என்பது ஏலத்தின் தொடக்க விலை. 5,000 யூரோ வைப்புத்தொகை, மூன்று ஆண்டுக்குள் பழுதுபார்க்கும் கட்டாயம், இல்லையேல் வைப்பு போச்சு. நோட்டரி செலவு தனி. பதிவு வரி குறைந்தபட்சம் 1,000 யூரோ. அதற்கெல்லாம் முன்னால் ஒரு கதவு இருக்கிறது: இத்தாலியில் வசிக்காத வெளிநாட்டாருக்குப் பரஸ்பர நிபந்தனை பார்ப்பார்கள். அவர்கள் நாட்டார் உங்கள் நாட்டில் வாங்க முடிந்தால்தான் நீங்கள் அங்கே வாங்கலாம். இந்தியாவில் வெளிநாட்டார் வீடு வாங்குவது எவ்வளவு சுலபம் என்று நமக்குத் தெரியும். நோட்டரியிடம் எழுத்தில் கேட்காமல் விமான டிக்கெட் போடாதீர்கள். மதிப்பெண் ஒன்று, அதுவும் படம் அழகாக இருப்பதற்காக.

ஜார்ஜியாவின் பத்தூமி அண்மைக்கால மோகம். பதிவு சில நாளில் முடியும், பதிவேட்டை இணையத்திலேயே பார்க்கலாம், அது நல்ல குணம். கெட்ட குணம் 'பிளாக் ஃபிரேம்'. சுவர், ஜன்னல், வாசல் கதவு மட்டும், உள்ளே வெறும் கான்கிரீட். பூச்சு, தளம், மின்கம்பி, குழாய், கழிப்பறை எல்லாம் உங்கள் செலவு. 'ஒயிட் ஃபிரேம்' என்றால் பூச்சும் கம்பியும் குழாய் முனைகளும் வரை இருக்கும். விளம்பரத்தின் சதுர மீட்டர் விலை எதற்கு என்று கேட்காமல் ஒப்பிட்டால் ஏமாறுவீர்கள். கடற்கரை ஊர், கோடையில்தான் கூட்டம், மார்கழியில் யாரும் இல்லை. கோடை வாடகையைப் பன்னிரண்டால் பெருக்கிக் காட்டுவார்கள். வேளாண் நிலம் வெளிநாட்டாருக்கு அரசியல் சட்டப்படியே மறுப்பு. "திராட்சைத் தோட்டம்" என்று விற்க வந்தால் கதவைச் சாத்துங்கள். மதிப்பெண் இரண்டு.

மலேசியாவை மனசு விரும்பும். பினாங்கில் தைப்பூசம், சொந்தபந்தம், பேசத் தமிழ். ஆனால் சல்லிசு என்ற பேச்சே அங்கில்லை. பெரும்பாலான இடங்களில் வெளிநாட்டார் வாங்கக் குறைந்தபட்ச விலையே 10 லட்சம் ரிங்கிட்டை ஒட்டி இருக்கிறது. மாநில அரசின் சம்மதம் வேண்டும். குடியிருப்புக்கான முத்திரைத் தீர்வை 2024இல் 4 சதவீதம், 2026 முதல் 8. ஐந்து ஆண்டுக்குள் விற்றால் லாபத்தில் 30 சதவீதம் வரி, பிறகு 10. அந்தக் குறைந்தபட்ச விலைக்குக் கீழே யாராவது வீடு காட்டினால் அநேகமாக உள்ளூர்க் குடிமகன் பெயரில் வாங்கச் சொல்கிறார் என்று பொருள். பெயர் அவருடையது என்றால் வீடும் அவருடையதுதான். ஜொகூர் மாநிலத்தின் ஃபாரஸ்ட் சிட்டி என்ற புதுநகரம் ஏழு லட்சம் பேருக்கென்று திட்டமிடப்பட்டது. பெரும்பகுதி ஆளில்லாமல் நிற்கிறது. சிங்கப்பூர் என்றால் 2023 ஏப்ரல் முதல் வெளிநாட்டாருக்குக் கூடுதல் தீர்வை மட்டுமே 60 சதவீதம், அதோடு முடிந்தது. தாய்லாந்தில் அடுக்குமாடியின் மொத்தப் பரப்பில் 49 சதவீதம் வரைதான் வெளிநாட்டார் பெயருக்குப் போகும். நிலம் கிடையாது. "30+30+30 வருஷக் குத்தகை" என்பதில் சட்டம் காப்பது முதல் முப்பதை மட்டும்.

பர்மாவைச் சொல்லாமல் செட்டிநாட்டில் இந்தப் பேச்சை முடிக்க முடியாது. 1930களின் மந்தத்தில் செட்டியார்கள் கொடுத்த கடனுக்கு ஈடாக அவர்களிடம் வந்து சேர்ந்த நிலம், கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் சாகுபடிப் பரப்பில் கால் பங்கு வரை எட்டியது. பத்திரத்தில் ஒரு குறையும் இல்லை. 1948இல் நில நாட்டுடைமைச் சட்டம் வந்தது. இன்றைக்குத் தேக்குத் தூண்கள் இங்கே நிற்கின்றன, நிலம் அங்கே. வில்லங்கச் சான்று பார்ப்பதைப்போல, அந்த நாடு வெளிநாட்டாருக்கான விதியைக் கடந்த பத்து ஆண்டில் எத்தனை முறை மாற்றியது என்றும் பார்க்க வேண்டும். மலேசியத் தீர்வையே இரண்டு ஆண்டில் இரட்டிப்பானதைப் பார்த்தோம்.

பிள்ளை வெளிநாட்டிலேயே வேலை பார்க்கிறான் என்றால் கணக்கே வேறு. அங்கே குடியிருக்கும்போது அவன் சம்பளத்தில் அவன் பெயரில் வாங்குவதற்கு 2,50,000 டாலர் வரம்பும் இல்லை, 20 சதவீதப் பிடித்தமும் இல்லை. ஊர் திரும்பிய பிறகும் அந்தச் சொத்தை வைத்துக்கொள்ள, விற்க, வாடகைக்கு விட அந்நியச் செலாவணிச் சட்டம் இடம் தருகிறது. வெளிநாட்டில் குடியிருந்தவரிடமிருந்து வாரிசாக வந்த சொத்துக்கும் அப்படியே. அப்பா ஊரில் இருந்துகொண்டு தன் பெயரில் வாங்குவதைவிட இது நூறு மடங்கு மேல்.

கடைசியாக, யாரும் கேட்காத கேள்வி: வாங்கியவருக்குப் பின்? தாசில்தார் கொடுக்கும் வாரிசுச் சான்றைக் கொண்டுபோய் துபாய் நிலத் துறையில் நீட்ட முடியாது. அந்தந்த நாட்டு நீதிமன்ற நடைமுறை உண்டு. துபாயில் முஸ்லிம் அல்லாதவர்கள் உயில் பதிவு செய்ய 2015 முதல் தனிப் பதிவகம் இருக்கிறது. வீடு வாங்கும் பயணத்திலேயே அதையும் முடித்துவிடுங்கள். இங்கிருந்து பவர் பத்திரம் எழுதினால் ஜப்பான், இத்தாலி, ஜார்ஜியாவுக்கு வெளியுறவுத் துறையின் அப்போஸ்டில் முத்திரை போதும், எமிரேட்ஸுக்குத் தூதரகச் சான்றும் வேண்டும். பவரில் "விற்க" என்ற அதிகாரத்தைத் தரகருக்குக் கொடுக்காதீர்கள், "சாவி வாங்க, வாடகைக்கு விட" என்று மட்டும் எழுதுங்கள். ஒப்பந்தம், ஏ2 நகல், பணம் போனதைக் காட்டும் வங்கியின் ஸ்விஃப்ட் செய்தி, வரிப்பிடித்தச் சான்று எல்லாவற்றையும் ஒரே கோப்பில் போட்டு, அந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்று வீட்டில் இரண்டு பேருக்காவது சொல்லி வையுங்கள்.